தோட்டத்து முனையில் படகு கட்ட ஒரு வீடு: ஃப்ளோரிடாவில் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தெற்கு ஃப்ளோரிடாவில் குடியேறிய நம்மவர்கள் பலருக்கு வார இறுதி மீன்பிடியில்தான் ஆசை தொடங்குகிறது. முதலில் வாடகைப் படகு, அப்புறம் சொந்தப் படகு, கடைசியில் "வீட்டுப் பின்வாசலிலேயே கட்டி வைத்தால் என்ன?" என்ற கேள்வி. நானும் அந்த வழியில் வந்தவன்தான். ஃபோர்ட் லாடர்டேலிலும் கேப் கோரலிலும் நண்பர்களோடு வீடு பார்க்க நிறையப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? வீட்டிலிருந்தா, படகிலிருந்தா?

படகிலிருந்து. சமையலறையை இடித்துக் கட்டலாம், கூரையை மாற்றலாம். வாய்க்காலின் ஆழத்தையும் வழியில் இருக்கும் பாலத்தையும் உங்களால் மாற்ற முடியாது. ஆகவே வீட்டு விளம்பரங்களைத் திறப்பதற்கு முன்னால் நான்கு அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படகின் முழு நீளம்: பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எஞ்சினும் நீச்சல் மேடையும் சேர்ந்த நீளம். அகலம். தண்ணீருக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது: எஞ்சினை இறக்கி, டாங்கி நிறைய எரிபொருள் இருக்கும்போது. தண்ணீருக்கு மேலே எவ்வளவு நிற்கிறது: கூரை, ரேடார், மடக்க முடியாத ஆன்டெனா எல்லாம் சேர்த்து.

விளம்பரப் புத்தகத்தில் அச்சிட்ட அளவுகளை நம்பாமல் நீங்களே டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். இன்னும் ஐந்து வருடத்தில் பெரிய படகு வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தப் படகின் அளவுகளை எழுதுங்கள். இருபத்தைந்து அடிப் படகை மனதில் வைத்து வீடு வாங்கிவிட்டு, முப்பத்தைந்து அடிப் படகுக்கு ஆசைப்பட்டு வீட்டையே விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"கடலுக்கு வழி உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். அது போதாதா?

போதாது. கேப் கோரலில் சுமார் 400 மைல் நீளத்துக்கு வாய்க்கால்கள் உண்டு. 1957-இல் ரோசன் சகோதரர்கள் அந்த நிலத்தை வாங்கி, வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணையே மேடாகக் கொட்டி மனை போட்ட ஊர் அது. அந்த வாய்க்கால்களில் கணிசமானவை நன்னீர் வாய்க்கால்கள், கடலோடு சேராதவை. அங்கேயும் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் பளபளக்கும், படகுத்துறையும் இருக்கும். ஆனால் படகு அந்த வாய்க்காலுக்குள்ளேயே சுற்றி வர வேண்டியதுதான். அதனால்தான் விலையும் குறைவு.

கடலோடு சேர்ந்த வாய்க்கால்களிலும் இரண்டு வகை. வழியில் திறக்க முடியாத பாலம் ஏதும் இல்லாத வாய்க்காலை "செயில்போட் ஆக்சஸ்" என்பார்கள். பாய்மரம் நட்ட படகும் போகலாம். மற்றது வெறும் "கல்ஃப் ஆக்சஸ்": கடலுக்குப் போகலாம், ஆனால் நடுவில் தாழ்வான பாலங்கள் இருக்கலாம். இந்த ஒரு சொல் வித்தியாசத்துக்குள் பெரிய தொகை அடங்கியிருக்கிறது.

ஃபோர்ட் லாடர்டேலில் கணக்கு வேறு. கரையை ஒட்டி ஓடும் இன்ட்ராகோஸ்டல் நீர்வழியில், திறக்காத புதிய நிலைப்பாலங்களைப் பொதுவாக 65 அடி உயரத்தில் கட்டுகிறார்கள். மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி. ஃபோர்ட் லாடர்டேலின் பதினேழாவது தெருத் தூக்குப்பாலம் மூடியிருக்கும்போது 55 அடி. அதைவிட உயரமான படகுக்கு மணிக்கு ஒரு தடவையும் அரை மணிக்கு ஒரு தடவையுமாகத் திறப்பார்கள். நியூ ரிவரில் ரயில் பாலம் ஒன்று உண்டு. அது இறங்கியிருந்தால் தண்ணீருக்கு மேலே நாலடிதான் இடைவெளி. 2018 முதல் பிரைட்லைன் எனும் பயணிகள் ரயில்களும் அதன்மேல் ஓடுகின்றன. அந்தப் பாலத்துக்கு மேற்கே வீடு வாங்கினால், ரயில் கடந்து பாலம் எழும்பும் வரை ஆற்று நீரோட்டத்தில் படகை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கப் பழக வேண்டும்.

சின்ன உட்கால்வாய்ப் பாலங்கள்தான் அதிகம் ஏமாற்றும். என் நண்பர் ஒருவர் வீடு பதிவான அடுத்த சனிக்கிழமை, கடினக்கூரை போட்ட தன் படகை முதல்முறையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் முன்னால் அணியத்தில் நின்றிருந்தேன். பாலத்தை நெருங்க நெருங்க கான்கிரீட் உத்தரத்தின் அடியில் இருந்த விரிசல்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன. கையை உயர்த்தினேன், படகின் கூரை மட்டத்துக்கு என் விரல் போன இடத்திலேயே உத்தரம் இருந்தது. பின்னோக்கி எடுக்கச் சொல்லிக் கத்தினேன். ஓதம், அதாவது ஏறி இறங்கும் கடல்மட்டம், வற்றுவதற்காக மூன்று மணி நேரம் ஓரமாகக் காத்திருந்து, ஒரு சாண் இடைவெளியில் நுழைந்தோம். அன்றிலிருந்து அவர் கடலுக்குப் போவதும் வருவதும் ஓத அட்டவணையைப் பார்த்துத்தான். வீட்டைக் காட்டிய முகவர் அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கடல் வரைபடத்தில் போட்டிருக்கும் பால உயரம் சராசரி உயர் ஓதத்தின்போது உள்ள இடைவெளி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதைவிடவும் குறையும். சொந்தப் படகிலோ வாடகைப் படகிலோ அந்த வழியை ஒரு தடவை வீட்டிலிருந்து முகத்துவாரம் வரை ஓட்டிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்காலுக்குள் முழுக்க மெதுவாகத்தான் போக வேண்டும். வரைபடத்தில் நாலு மைல் என்று தெரிவது நிஜத்தில் ஒரு மணி நேரமாக இருக்கும்.

ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்களே அளக்கலாம். பத்து அடி பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கி, அடிக்கு ஒரு கோடு, அரை அடிக்கு ஒரு கோடு என்று அழியாத மையால் போடுங்கள். அமெரிக்கக் கடல் நிர்வாகமான நோவா வெளியிடும் ஓத அட்டவணையில் அந்த வட்டாரத்தின் தாழ்ந்த ஓத நேரத்தைப் பார்த்து, சரியாக அந்த நேரத்தில் வீட்டுக்குப் போங்கள். படகுத்துறையின் ஓரமாக நடந்து ஐந்தடிக்கு ஒரு தடவை குழாயை இறக்குங்கள். அடியில் தொட்டதும் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் சேறு. நங்கென்று நின்றால் பாறை. சேற்றில் எஞ்சின் தொட்டால் தண்ணீர் உறிஞ்சும் வழி அடைபடும், பாறையில் தொட்டால் விசிறி உடையும். இரண்டும் செலவுதான். ஆனாலும் பாறை மோசம்.

படகின் அடி இறங்கும் அளவைவிடக் குறைந்தது ஓரடியாவது கூடுதலாகத் தண்ணீர் இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். கேப் கோரல் இருக்கும் மேற்குக் கரையில் இன்னும் கூடுதலாக வேண்டும். அங்கே ஓத வித்தியாசம் குறைவுதான். ஆனால் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பலமாகக் காற்றடித்தால் தண்ணீரையே கடலுக்குள் தள்ளிவிடும், அட்டவணை சொல்வதைவிட வாய்க்கால் வற்றிப்போகும். இதன் உச்சத்தை 2022 செப்டம்பர் 28 அன்று பார்த்தோம். இயன் புயல் தெற்கே கரையேறிக்கொண்டிருந்தபோது தாம்பா விரிகுடாவில் தண்ணீர் பின்வாங்கி, தரை வெளியே தெரிந்தது.

வீட்டெதிரே ஆழம் இருந்து, வாய்க்கால் வாயிலில் மணல் மேடு இருந்தால் பயனில்லை. குழாயைப் படகில் எடுத்துக்கொண்டு போய் அங்கேயும் ஒரு தடவை இறக்குங்கள்.

வாய்க்கால் முனை வீடு அகலமான காட்சி தருகிறதே, அதை எடுக்கலாமா?

காட்சிக்கு நல்லது. படகுக்கு நல்லதா என்று பார்க்க ஒரு கோடு போட வேண்டும். கரையை ஒட்டிய நிலத்தின் சொந்தக்காரருக்கு எதிரே உள்ள தண்ணீரில் சில உரிமைகள் உண்டு. அந்த உரிமையின் எல்லைக்கோடுகள் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும். நேரான கரையில் அவை இரண்டும் இணையாகப் போகும். வாய்க்கால் முட்டி நிற்கும் முனையில் மனைகள் விசிறிபோல இருப்பதால், கோடுகள் தண்ணீருக்குள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். முற்றம் விரிந்திருக்கும், தண்ணீர்ப் பங்கோ முக்கோணமாகச் சுருங்கியிருக்கும். அரசின் நீர்நிலத்தில் கட்டும் துறைகள் இந்தக் கோட்டிலிருந்து பொதுவாக 25 அடி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். கரை குறுகலாக உள்ள மனைகளுக்கு விலக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே பெரிய படகைக் கட்டியிருந்தால் உங்களுக்குத் திருப்பவே இடமிருக்காது. பதிவு பெற்ற நில அளவரிடம் இந்தக் கோடுகளையும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண மனை வரைபடத்தில் இவை இருக்காது.

முனைக்கு இன்னொரு குறையும் உண்டு. நீரோட்டம் இல்லாததால் மிதக்கும் குப்பை, உதிர்ந்த இலை, பாசி எல்லாம் அங்கேதான் ஒதுங்கும்.

கரைச்சுவரைப் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

பயப்பட வேண்டிய விஷயம் என்பதால்தான். "சீவால்" எனப்படும் அந்தக் கரைச்சுவர் உங்கள் சொத்து, உங்கள் பொறுப்பு. கேப் கோரலில் ஒரு வழக்கமான மனையின் கரை 80 அடி. அந்த 80 அடிச் சுவரை இடித்துக் கட்டினால் செலவு பல்லாயிரம் டாலர். மீன்பிடித் தூண்டில், பார்பெக்யூ அடுப்பு என்று கனவு காணும் நேரத்தில் யாரும் சுவரைப் பார்ப்பதில்லை. அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

தாழ்ந்த ஓதத்தில் பாருங்கள். சுவரின் ஒரு முனையில் உட்கார்ந்து, தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். நேர்கோடாக இருக்க வேண்டும். நடுவில் தண்ணீர்ப் பக்கமாக வயிறு தள்ளியிருந்தால், மண்ணுக்குள் சுவரைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும் கம்பிகள் அரித்துப் போயிருக்கின்றன என்று பொருள். சுவருக்கு மேலே ஓடும் கான்கிரீட் உத்தரத்தில் நீளவாக்கில் விரிசலும் அதில் துருக்கறையும் இருந்தால், உள்ளே கம்பி வீங்கி கான்கிரீட்டைப் பிளக்கிறது.

அப்புறம் புல்தரையைப் பாருங்கள். சுவரை ஒட்டிக் குழி விழுந்திருக்கிறதா? காலால் அழுத்தினால் தொளதொளவென்று இருக்கிறதா? சுவரின் மூட்டு வழியாக மண் தண்ணீரோடு கசிந்து வாய்க்காலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. விற்பதற்கு முந்தின வாரம் புதுமண் கொட்டிப் புல் பதித்துவிடுவார்கள். சுவரோரம் மட்டும் பச்சை அடர்த்தியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். உடும்புபோல இருக்கும் பச்சை இகுவானாக்களும் இங்கே சுவருக்குப் பின்னால் வளை தோண்டி வாழ்கின்றன. அந்த வளைகள் வழியாகவும் மண் போகும்.

சுவரில் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும். மழைநீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளாமல் வெளியேற வைத்தவை. அவை அடைந்திருந்தால் பெரிய மழை ஒன்று போதும். சுவரின் அடியையும் பார்க்க வேண்டும்; அதற்கு நீரில் மூழ்கிப் பார்க்கும் ஆளே வேண்டும். பெரிய படகின் விசிறி கிளப்பும் நீர் அடிமண்ணை அரித்து, சுவரின் கால் வெளியே தெரிந்தால் மேலே எவ்வளவு பூசினாலும் நிற்காது.

உயரமும் முக்கியம். ஃபோர்ட் லாடர்டேல் இருக்கும் பிரவர்ட் கவுன்டியில், புதிதாகக் கட்டும் அல்லது பெரிய அளவில் பழுது பார்க்கும் கரைச்சுவர்கள் நிலையான ஒரு மட்டத்திலிருந்து 5 அடி உயரம் இருக்க வேண்டும் என்று 2020-இல் விதி கொண்டுவந்தார்கள். 2035 வரை 4 அடியில் கட்டலாம். ஆனால் 2050-க்குள் 5 அடிக்கு உயர்த்தக்கூடிய வகையில் அதை வடிவமைக்க வேண்டும். சுவர் தாழ்வாக இருந்து அதன் வழியாகத் தண்ணீர் ஏறித் தெருவுக்கோ பக்கத்து மனைக்கோ போனால், சரிசெய்யச் சொல்லி உத்தரவு வரும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை இங்கே ஓதம் வருடத்தின் உச்சத்துக்கு ஏறும். அந்த மாதங்களில் ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். மழையே இல்லாமல் சாலையில் உப்புத் தண்ணீர் நின்றால் விளக்கம் தேவையில்லை.

படகுத்துறை ஏற்கெனவே இருக்கிறது. அது வீட்டோடு எனக்குச் சொந்தம்தானே?

பலகையும் தூணும் உங்களுக்குச் சொந்தம். அடியில் இருக்கும் நிலம் பெரும்பாலும் உங்களுடையதில்லை. கடலேற்றம் உள்ள இயற்கை நீர்நிலைகளில் சராசரி உயர் ஓதக் கோட்டுக்குக் கீழே உள்ள நிலம் ஃப்ளோரிடா மாநிலத்துடையது. வெட்டப்பட்ட வாய்க்கால்களில் நிலைமை மாறும். சில இடங்களில் அது தனியாருடையது, சில இடங்களில் ஊராட்சியுடையது. பத்திர வழக்கறிஞரைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

அனுமதி மூன்று அடுக்கு: ஊர் அல்லது கவுன்டி, மாநிலம், ராணுவப் பொறியாளர் பிரிவு. கடைசியானது 1899-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் படகு ஓடும் நீர்நிலைகளைப் பார்த்துக்கொள்கிறது. தண்ணீர்மேல் 1,000 சதுர அடிக்கு உட்பட்ட தனியார் துறைக்கு மாநில அனுமதியில் விலக்கு உண்டு. சிறப்புப் பாதுகாப்பு பெற்ற நீர்நிலைகளில் 500 சதுர அடி. விலக்குக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன, மற்ற இரண்டு அடுக்குகளுக்கு இந்த விலக்கு செல்லாது.

வீடு பார்த்த அன்றே ஊராட்சியின் இணையதளத்தில் அந்த முகவரிக்கான அனுமதிப் பதிவுகளைத் தேடுங்கள். படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தும் படகுத்தூக்கியை அனுமதி வாங்காமல் பூட்டியிருப்பார்கள்; அல்லது அனுமதி வாங்கிவிட்டு இறுதிச் சோதனையை முடிக்காமல் விட்டிருப்பார்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அது உங்கள் தலைவலி. பழைய துறை இன்றைய விதியைவிடப் பெரியதாக இருந்தால், புயலில் போனபின் அதே அளவில் திரும்பக் கட்ட விடுவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

துறையே இல்லாத வீடு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி நாமே கட்டிக்கொள்ளலாமா?

கட்டலாம், இடம் அனுமதித்தால். தண்ணீருக்கடியில் கடற்புல் வளர்ந்திருந்தால் துறையின் உயரம், பலகை இடைவெளி, இருப்பிடம் எல்லாம் மாறும். கரையில் அலையாத்தி மரங்கள் இருந்தால் 1996-ஆம் வருடச் சட்டப்படி விருப்பம்போல வெட்ட முடியாது. மனாட்டீ எனும் கடற்பசு வரும் பகுதியானால் கூடுதல் கட்டுப்பாடு. இந்த மூன்றையும் பார்த்துச் சொல்ல, விலை பேசுவதற்கு முன்னால் உள்ளூர்த் துறை கட்டும் ஒப்பந்தக்காரரை ஒரு தடவை கூட்டிப்போங்கள். "அனுமதி கிடைத்தால்தான் வாங்குவேன்" என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், நான் விலகிவிடுவேன்.

படகுத்தூக்கியில் எதைப் பார்க்க வேண்டும்?

எடை. பத்தாயிரம் பவுண்டுத் தூக்கி இருக்கிறது, படகு எட்டாயிரம் பவுண்டுதான் என்று சொல்வார்கள். கூட்டிப் பாருங்கள். அந்த எட்டாயிரம் பெரும்பாலும் எஞ்சின் இல்லாத வெற்றுப் படகு. பின்னால் பெரிய எஞ்சின் இரண்டு: சுமார் 1,100 பவுண்டு. பெட்ரோல் ஒரு கேலன் ஆறு பவுண்டு. 200 கேலன் டாங்கி நிறைந்தால் 1,200. நல்ல தண்ணீர் முப்பது கேலன் 250. பாட்டரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ்பெட்டி, தூண்டில் சாமான்: 600 என்று வையுங்கள். 11,000-ஐத் தாண்டிவிட்டது. மழை பெய்து படகுக்குள் தண்ணீர் தேங்கினால் அதுவும் சேரும்.

கம்பிவடத்தில் ஓர் இழை பிரிந்து முள்ளாக நிற்கிறதா, மோட்டாரிலிருந்து எண்ணெய் வழிந்த கறை இருக்கிறதா, தூண்கள் தண்ணீர் மட்டத்தில் இடுப்பு மெலிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மரத்தூணைக் கடல்புழு துளைப்பது அந்த மட்டத்திலும் அதற்குக் கீழேயும்தான். விற்பவர் தூக்கியை முழுக்க இறக்கி ஏற்றிக் காட்டட்டும், முடிந்தால் படகோடு.

துறையில் மின்சாரம் இருக்கிறது. குழந்தைகள் குதித்து நீந்தலாமா?

கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. துறையின் கம்பியிலோ கட்டியிருக்கும் படகிலோ கசிவு இருந்தால் மின்சாரம் தண்ணீரில் பரவும். அதில் சிக்கியவரின் தசை செயலிழந்து, கூப்பிடக்கூட முடியாமல் மூழ்கிப்போவார். நன்னீரில் ஆபத்து இன்னும் அதிகம். அந்தத் தண்ணீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கடலேற்ற வாய்க்காலில் ஆபத்து குறைவு என்றாலும் இல்லை என்று சொல்ல முடியாது. யாராவது தண்ணீரில் தவித்தால் முதலில் மின்சாரத்தை அணையுங்கள். பின்னாலேயே குதிக்காதீர்கள், மிதவையையோ கயிற்றையோ எறியுங்கள். வீடு வாங்கிய முதல் மாதமே, துறை வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்துக் கசிவு துண்டிப்பான்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். குளிக்க நீச்சல் குளம் இருக்கட்டும்.

காப்பீடு எவ்வளவு சிக்கலானது?

வீட்டுக் காப்பீடு, காற்று, வெள்ளம், படகு என்று தனித்தனியாக யோசிக்க வேண்டும். விலை பேசும் முன்பே மூன்று நான்கு இடங்களில் எழுத்துப்பூர்வமாகத் தொகை கேட்டு வாங்குங்கள். மாதத் தவணையைவிடக் காப்பீட்டால் கழுத்து நெரிபட்டவர்கள் இங்கே பலர்.

வெள்ளத்துக்கு மத்திய அரசின் தேசியத் திட்டம் இருக்கிறது. வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருள்களுக்கு 1,00,000 டாலர். அதற்குமேல் வேண்டுமானால் தனியார் காப்பீடு. புதிதாக எடுத்தால் நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். வீட்டுக்கடனோடு சேர்ந்து எடுப்பதற்கு விலக்கு. முக்கியமானது இது: அந்தத் திட்டம் படகுத்துறையையும் கரைச்சுவரையும் சேர்க்காது. வெள்ளம் இரண்டையும் அடித்துக்கொண்டு போனால் உங்கள் பையிலிருந்துதான். வீட்டுக் காப்பீட்டிலும் துறைக்கு என்ன வரம்பு என்று தனியாகக் கேளுங்கள்.

விற்பவரிடம் ஏற்கெனவே அந்தத் திட்டத்தில் காப்பீடு இருந்தால், அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். 2021-இல் கட்டண முறை மாறியபின் பல வீடுகளுக்குக் கட்டணம் வருடாவருடம் ஏறிக்கொண்டிருக்கிறது. சொந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு வருடத்தில் 18 சதவீதத்துக்குமேல் ஏற்றக்கூடாது என்று வரம்பு உண்டு. பழைய காப்பீட்டைத் தொடர்ந்தால் அந்தப் படிப்படியான ஏற்றத்திலேயே நீங்களும் இருக்கலாம். புதிதாக எடுத்தால் முழுக் கட்டணம்.

விற்பவர் வெள்ள இழப்பீடு கோரியிருக்கிறாரா, மத்திய உதவி பெற்றிருக்கிறாரா என்பதை எழுதித் தர வேண்டும் என்று ஃப்ளோரிடாவில் 2024 அக்டோபர் 1 முதல் சட்டம் இருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி நிதானமாகப் படியுங்கள்.

பழைய தாழ்வான வீட்டை வாங்கிப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் "ஐம்பது சதவீத விதி" என்று கேட்டுப் பாருங்கள். வெள்ள அபாயப் பகுதியில் பழுது அல்லது புதுப்பிப்புச் செலவு கட்டடத்தின் மதிப்பில் பாதியை எட்டினால், வீட்டையே இன்றைய வெள்ள விதிக்கு ஏற்ற உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கட்டடத்தின் மதிப்பு மட்டும்தான் கணக்கு, மனை சேராது. கரையோரத்தில் விலையில் பெரும்பகுதி மனைக்குத்தான் என்பதால் அந்தப் பாதி சீக்கிரம் வந்துவிடும்.

புயல் வந்தால் படகை என்ன செய்வது?

வீடு வாங்கும்போதே இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். தூக்கியில் உயரத்தில் நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள். இயன் புயல் மணிக்கு 150 மைல் காற்றோடு காயோ கோஸ்டா தீவில் கரையேறியபோது ஃபோர்ட் மயர்ஸ் பீச்சில் தரைக்கு மேல் 10 முதல் 15 அடி வரை தண்ணீர் எழுந்தது. அவ்வளவு தண்ணீரில் தூக்கியே மூழ்கும். மேலே இருந்த படகு மிதந்து வெளியேறிப் பக்கத்து வீட்டில் போய் மோதும். பல படகுக் காப்பீடுகளில், பெயர் வைத்த புயல் வருமுன் படகைத் தரைக்கு ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனால் அந்தச் செலவில் ஒரு பங்கு தருவார்கள். எந்தப் படகுத் தளத்தில் ஏற்றலாம், அங்கே இடத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா என்பதை ஜூன் மாதத்துக்குள் முடித்துவையுங்கள். எச்சரிக்கை வந்தபிறகு வரிசை நீளும். தூக்குப்பாலங்களையும் காற்று வேகம் கூடினால் பூட்டிவிடுவார்கள்.

சொத்துவரி விற்பவருக்கு வரும் அளவுதானே எனக்கும் வரும்?

வராது. சொந்தக் குடியிருப்புக்கு வரி மதிப்பு வருடத்துக்கு 3 சதவீதத்துக்குமேல் ஏறாமல் ஃப்ளோரிடாவில் கட்டுப்பாடு உண்டு. இருபது வருடம் குடியிருந்தவரின் வரி அதனால் தாழ்ந்து இருக்கும். கைமாறியதும் அடுத்த ஜனவரி 1 அன்று சந்தை மதிப்புக்குத் திரும்பும். விற்பவரின் ரசீதை மடித்து வைத்துவிட்டு, நீங்கள் தரும் விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

தண்ணீர் வீட்டருகே நாற்றம், பாசி என்கிறார்களே?

எப்போதும் இல்லை, வரும்போது மோசமாக வரும். 2018 கோடையில் ஒக்கிசோபி ஏரி நீரோடு கலூசாஹாச்சி ஆற்றில் வந்த நீலப்பச்சைப் பாசி கேப் கோரல் வாய்க்கால்களில் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோலப் படிந்தது. அதே வருடம் கடலில் "ரெட் டைட்" எனும் செந்நிற நச்சுப் பாசிப் பெருக்கும் நீண்டது. நீரோட்டமுள்ள, முகத்துவாரத்துக்கு அருகிலான வாய்க்கால்கள் சீக்கிரம் தெளியும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அந்த வருடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள்; முகவரைவிட நேர்மையாகச் சொல்வார்கள்.

யாரை வைத்துச் சோதிப்பது?

வழக்கமான வீட்டுச் சோதனையாளர் கூரை, குழாய், ஏசி பார்ப்பார். கரைச்சுவருக்கும் துறைக்கும் தனி ஆள் வேண்டும்: நீருக்கடியில் இறங்கிப் பார்த்துப் படத்தோடு அறிக்கை தரும் கடல்சார் பொறியாளர் அல்லது ஒப்பந்தக்காரர். அறிக்கை தருபவரே சுவர் கட்டும் வேலையையும் கேட்பவராக இருந்தால் இரண்டாவது கருத்தும் வாங்குங்கள். சோதனைக்கு ஒப்பந்தத்தில் வழக்கமாகத் தரும் நாள்கள் இதற்கெல்லாம் போதாது. மூழ்குபவர் கிடைக்க வேண்டும், தாழ்ந்த ஓதம் பகலில் வர வேண்டும், தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பே கூடுதலாக ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பதில் மரினா எனும் பொதுப் படகு நிறுத்தத்தில் இடம் வாடகைக்கு எடுத்தால் என்ன?

மாதத்துக்கு ஒரு தடவைதான் கடலுக்குப் போவீர்கள் என்றால் அதுவே சரி, தயங்காமல் எடுங்கள். சுவர், தூண், தூக்கி எதுவும் உங்கள் கவலை இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், அலுவலகம் போகும் முன் ஒரு மணி நேரம் என்று ஆசைப்படுபவருக்குத்தான் வீட்டுத்துறை. என் நண்பர், அந்தத் தாழ்ந்த பாலத்துக்காரர், மறுபடி ஒரு வீடு வாங்கினார். இந்த முறை வீட்டுக்குள் நுழையும் முன்பே குழாயோடு துறைக்குப் போனார். காலை ஆறரை மணி, தாழ்ந்த ஓதம், குழாயில் ஆறடிக் கோடு நனைந்திருந்தது. அப்புறம்தான் சமையலறையைப் பார்க்கக் கதவைத் தட்டினார்.